கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்: எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும்

சென்னையில் எந்த ஸ்கேன் மையத்தின் வரவேற்பு மேசையிலும், 'டை போட்டு சி.டி.' (அதாவது, கான்ட்ராஸ்ட் என்னும் மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்) என்று எழுதிய சீட்டை நீட்டுகிறவர்கள் முதலில் கேட்பது கட்டணம் எவ்வளவு என்பது. அடுத்தது, ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்பது. உடலுக்குள் போகவிருக்கும் மருந்தைப் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) குத்தி, மேசையில் படுக்க வைத்த பிறகுதான் வருகின்றன. அந்த நேரத்தில் கேட்கிறவருக்கும் நிதானம் இருக்காது, பதில் சொல்கிறவருக்கும் அடுத்த நோயாளி காத்திருப்பார். எக்ஸ்ரே அறையிலும் சி.டி. அறையிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கேள்விகளை முன்னதாகவே வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பதற்காக இதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்று அன்று. அவரிடம் எதைக் கேட்பது, எதை மறைக்காமல் சொல்வது என்பதற்கான துணை.

சீட்டைப் படித்துப் பாருங்கள்

மருத்துவர் எழுதிய சீட்டில் 'பிளெயின்' என்று இருக்கிறதா, 'கான்ட்ராஸ்ட்' என்று இருக்கிறதா என்பதை அவருடைய அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கல், எலும்பு முறிவு, தலையில் அடிபட்டதால் ஏற்பட்ட இரத்தக் கசிவு, நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி. ஆகியவற்றுக்குப் பொதுவாக ஊசி மருந்து இல்லாத படமே போதும். கட்டி, சீழ், இரத்தக்குழாய் அடைப்பு, கல்லீரலில் தெரியும் சந்தேகத்துக்குரிய புள்ளி போன்றவற்றில், ஒரு திசுவுக்கும் அதை அடுத்த திசுவுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பதால் கான்ட்ராஸ்ட் தேவைப்படுகிறது. 'ஐயா, இதில் எதைத் தேடுகிறீர்கள், ஊசி இல்லாமல் எடுத்தால் அது தெரியாதா' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ அதே பதிலைத் தருமா என்றும் கேட்கலாம். அவ்விரண்டிலும் எக்ஸ்ரே கதிர் கிடையாது.

அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. இதே உறுப்புக்குச் சில வாரங்களுக்கு முன் வேறிடத்தில் எடுத்த படம் வீட்டுப் பீரோவில் கிடக்கிறதா என்பதுதான் அது. புதிய மருத்துவரிடம் போகும்போது பழைய ஃபிலிமையும் படம் பதிந்த குறுந்தகட்டையும் எடுத்துப்போகாததால், எடுத்த படத்தையே மறுபடி எடுப்பவர்கள் ஏராளம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கதிரியல் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் படம் வேண்டும்.

கதிரைப் பற்றிய அச்சம்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ரான்ட்கன் கண்டறிந்த எக்ஸ்ரே, மின்சாரத்தால் உண்டாகிற கதிர். பொத்தானை அழுத்தும்போது பிறக்கிறது; விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. கல்பாக்கம் என்ற பெயரோடு சேர்த்துச் சென்னைவாசிகள் நினைத்துக்கொள்ளும் கதிரியக்கப் பொருள் எதுவும் அந்த அறையில் இல்லை. ஆகவே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் உடலில் கதிர் தங்குவதில்லை; வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தைராய்டு ஸ்கேன், பெட் ஸ்கேன் போன்ற அணு மருத்துவச் சோதனைகள் வேறு வகை. அவற்றில் கதிரியக்க மருந்தே உடலுக்குள் செலுத்தப்படுவதால், சிறிது நேரம் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்கச் சொல்வார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் எக்ஸ்ரே எடுத்த பாட்டியைப் பேரப்பிள்ளைகள் அண்டவிடாமல் வைக்கிறார்கள்.

அளவு எவ்வளவு என்று கேட்டால், மில்லிசீவர்ட் என்ற அலகில் பதில் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நமக்குக் கிடைக்கும் கதிர், உலகச் சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையைப் போல மோனசைட் மணல் உள்ள இடங்களில் இது கூடுதல். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது 0.02 முதல் 0.1 வரை, அதாவது சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை இயற்கையாகக் கிடைக்கும் அளவு. தலை சி.டி. சுமார் 2 மில்லிசீவர்ட், வயிறும் இடுப்பும் சேர்ந்த சி.டி. சுமார் 8 முதல் 10 வரை. வயிற்று சி.டி.யில் ஊசிக்கு முன் ஒரு முறை, தமனியில் மருந்து ஓடும்போது ஒரு முறை, சிரையில் ஓடும்போது ஒரு முறை என்று மூன்று கட்டமாக எடுத்தால் கதிரளவும் அதற்கேற்பப் பெருகும். எத்தனை கட்டம் என்பது உண்மையிலேயே கேட்கத் தகுந்த கேள்வி. ஆனால் அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையின்போது, டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா, ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று கூறியதும், கதிரியல் மருத்துவர்களின் சங்கம் அதை மறுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். சி.டி.யின் பழைய வழக்கமான அளவை 0.02 என்ற குறைந்தபட்ச எக்ஸ்ரே அளவால் வகுத்தால் அந்த எண் வரும். குறைந்த கதிரில் எடுக்கும் இன்றைய நெஞ்சு சி.டி.யை எடுத்துக்கொண்டால் அது வெகுவாகச் சுருங்கிவிடும். எதை எதனால் வகுக்கிறோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் மக்கள் மிரள்வார்கள், அன்று மிரண்டார்கள். என் கருத்து இதுதான்: தேவையான சி.டி.யை இந்த எண்ணுக்கு அஞ்சித் தள்ளிப்போடக் கூடாது. நோய்க்குறி எதுவும் இல்லாமல் மாஸ்டர் செக்கப் சலுகையில் 'முழு உடல் சி.டி.' என்று விற்கப்படுவதை எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஆண்டுக்கு இத்தனை எக்ஸ்ரேதான் எடுக்கலாம் என்று நோயாளிகளுக்கு வரம்பு எதுவும் இல்லை. ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்பது பொதுமக்களுக்கும், ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 என்பது எங்களைப் போன்ற பணியாளர்களுக்கும் உரியது. எங்கள் சட்டையில் மாட்டியிருக்கும் டி.எல்.டி. பட்டை அதை அளப்பதற்குத்தான். படம் எடுக்கும்போது நாங்கள் சுவருக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்து, 'உங்களுக்கு ஆகாதது எங்களுக்கு மட்டும் ஆகுமா' என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் ஒரு முறை எடுக்கிறீர்கள், நாங்கள் நாளைக்கு நூறு முறை அங்கே நிற்கிறோம். 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி ஒவ்வொரு எக்ஸ்ரே கருவிக்கும் தேவை. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

இடுப்பில் ஈயக் கவசம் போடவில்லையே என்று சிலர் சண்டைக்கே வருகிறார்கள். நோயாளியின் இடுப்பை வழக்கமாகக் கவசத்தால் மூடுவதைக் கைவிடலாம் என்று 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் பரிந்துரைத்தது. கவசம் படத்தை மறைத்து மறுபடி எடுக்க நேர்வதும், தானாகக் கதிரைச் சரிசெய்யும் கருவி கவசத்தைக் கண்டு கதிரைக் கூட்டிவிடுவதும் அதற்குக் காரணங்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்வதற்கு உள்ளே வரும் உறவினர் மட்டும் கட்டாயம் ஈய உடை அணிய வேண்டும், அவர் கர்ப்பிணியாகவும் இருக்கக் கூடாது.

நாள் தள்ளிப்போயிருந்தால்

கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் சொல்லுங்கள் என்று எல்லா அறைகளின் வாசலிலும் எழுதி ஒட்டியிருக்கும். இருந்தும், மாமியாரோ மைத்துனரோ அருகில் நிற்கும்போது நாள் தள்ளிப்போயிருப்பதைச் சொல்லத் தயங்கும் பெண்கள் அதிகம். பெண் பணியாளரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். உடன் வந்தவர்களை வெளியே நிறுத்துவது எங்கள் வேலை. சொன்னவுடனே படம் எடுக்க மறுத்துவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். மார்பு, கை, கால், பல் எக்ஸ்ரேக்களில் கருவை அடையும் கதிர் மிகமிகச் சிறிது. வயிறு, இடுப்புப் பகுதி சி.டி.க்குத்தான் தள்ளிவைக்கலாமா, அல்ட்ராசவுண்டு போதுமா என்ற யோசனை தேவைப்படும். தெரியாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, பிறகு கர்ப்பம் உறுதியானதும் கருவைக் கலைக்க ஓடுவது பெருந்தவறு. கருவுக்குத் தீங்கு நேரும் என்று கருதப்படும் அளவு, ஒற்றைச் சாதாரண எக்ஸ்ரேயில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மகப்பேறு மருத்துவரிடம் எந்தப் படம், எந்தத் தேதி என்ற விவரத்தோடு போங்கள்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் கான்ட்ராஸ்டுக்குப் பிறகு 24 மணி நேரம் பாலைப் பீச்சி ஊற்றிவிட வேண்டும் என்று இன்னமும் பல இடங்களில் சொல்லப்படுகிறது. செலுத்திய மருந்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே பாலில் வருகிறது. அதிலும் நூற்றில் ஒரு பங்குதான் குழந்தையின் குடலில் உறிஞ்சப்படுகிறது. பாலை நிறுத்தத் தேவையில்லை என்பதே இன்றைய வழிகாட்டுதல். மனம் ஒப்பவில்லை என்றால் முன்கூட்டியே பாலைப் பீச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

நிறமில்லாத சாயம்

'டை' என்று எல்லோரும் சொன்னாலும் அதற்கு நிறம் கிடையாது. தண்ணீர்போலத் தெளிவாக, சற்றே பிசுபிசுப்பாக இருக்கும். சிறுநீரும் நிறம் மாறாது. எக்ஸ்ரேயை மறிக்கும் தன்மை அயோடின் அணுவுக்கு இருப்பதால், அயோடினைத் தாங்கிய மூலக்கூறுகளைக் கரைத்துச் செய்த மருந்து இது. ஐயோஹெக்சால், ஐயோபமிடால், ஐயோடிக்சனால் என்பவை சென்னையில் நீங்கள் கேள்விப்படக்கூடிய பெயர்கள். சி.டி.க்கும், இதய ஆஞ்சியோகிராமுக்கும், சிறுநீர்ப் பாதையைப் பார்க்கும் ஐ.வி.பி.க்கும், குழந்தையின்மைக்காகக் கருக்குழாயைப் பார்க்கும் எச்.எஸ்.ஜி.க்கும் இந்தக் குடும்பத்து மருந்துகளே பயன்படுகின்றன. எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது கடோலினியம். அது வேறு குடும்பம். குடல் படத்துக்குக் குடிக்கக் கொடுக்கும் வெள்ளை பேரியம் இரத்தத்தில் கலப்பதே இல்லை. இரண்டு நாள் மலம் வெள்ளையாகப் போகும், நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் மலச்சிக்கல் வரும், அவ்வளவுதான். குடலில் ஓட்டை இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மட்டும் பேரியம் கொடுக்க மாட்டார்கள்.

ஒரு சி.டி.க்குப் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 50 முதல் 100 மில்லி வரை போகும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவருக்கு, அதில் ஏறத்தாழ முழுவதும் 24 மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும்.

இப்போது, நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, ஊசி போடலாமா?' காசிமேட்டு மீனையும் நண்டையும் விரும்பிச் சாப்பிடும் ஊரில் இது இயல்பான கேள்விதான். இறால், நண்டு ஒவ்வாமையை உண்டாக்குவது அவற்றில் உள்ள டிரோப்போமயோசின் என்னும் புரதம், அயோடின் அன்று. அயோடின் இல்லாமல் மனிதனின் தைராய்டே இயங்காது. சமையலறை உப்பிலும் அது இருக்கிறது. அயோடின் கலந்த பெட்டடைன் பட்டால் தோல் எரிகிறது என்பதற்கும் இந்த ஊசிக்கும் நேரான தொடர்பு கிடையாது. கடல் உணவு ஒவ்வாமையைச் சொல்லுங்கள், சொல்வதில் தவறில்லை. ஆனால் அதைச் சொன்னதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஏனென்றால், உண்மையில் கேட்டறிய வேண்டியது வேறு. நடுவயதுப் பெண் ஒருவரிடம் படிவத்தை நிரப்பும்போது 'அலர்ஜி உண்டா' என்று கேட்டோம். 'ஒன்றும் இல்லை' என்றார். மருந்து போன இரண்டாவது நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, மூச்சு இரைத்தது. உடனே சிகிச்சை அளித்ததில் தேறிவிட்டார். பிறகு, நிதானமாகப் பேசும்போதுதான், பத்தாண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் 'கிட்னிக்கு ஊசி போட்டு எக்ஸ்ரே' எடுத்தபோதும் இப்படித்தான் தடித்தது என்றார். அவர் மறைக்கவில்லை. அலர்ஜி என்றால் சாப்பாடு என்றே நினைத்திருந்தார், ஐ.வி.பி.யும் சி.டி.யும் ஒரே மருந்துக் குடும்பம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கேள்வியை அப்படிக் கேட்டது எங்கள் பிழை. எனவே, உங்களை யாரும் கேட்காவிட்டாலும் உங்களை நீங்களே இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு முன் எப்போதாவது ஊசி போட்டுப் படம் எடுத்திருக்கிறேனா, அப்போது அரிப்போ தடிப்போ மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்ததா? முன்பு ஒரு முறை எதிர்விளைவு ஏற்பட்டிருப்பதே மறுபடியும் வருவதற்கான மிகப் பெரிய காரணம். அதற்கு அடுத்த நிலையில்தான் ஆஸ்துமாவும் மற்ற ஒவ்வாமைகளும் வருகின்றன.

அப்படி ஒன்று இருந்தால் ஸ்கேனே கூடாது என்று பொருளில்லை. ஊசி இல்லாத படமோ வேறு சோதனையோ போதுமா என்று பார்ப்பார்கள். போதாதென்றால் முன்பு போட்ட மருந்தை விட்டு அதே குடும்பத்தில் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், தேவையானால் பல மணி நேரம் முன்னதாகவே ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். காலையில் வந்து நின்று இதைச் சொன்னால் அன்றைக்கு ஸ்கேன் தள்ளிப்போகும். நேரம் குறிக்கும்போது தொலைபேசியிலேயே சொல்லிவிட்டால் போகாது. ஊசியில் ஒரு துளியைப் போட்டுப் பார்த்து 'டெஸ்ட் டோஸ்' என்று சொல்லும் பழக்கம் சில இடங்களில் தொடர்கிறது; அது வரப்போவதை முன்கூட்டிக் காட்டாது என்பதால் வழிகாட்டு நெறிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எத்தனை பேருக்கு எதிர்விளைவு வருகிறது? ஜப்பானில் 3,37,647 ஊசிகளை ஆராய்ந்து 1990-இல் வெளியான பெரிய ஆய்வில், பழைய அயனி வகை மருந்துக்கு 12.66 விழுக்காட்டினருக்கும், புதிய அயனியற்ற வகைக்கு 3.13 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் எதிர்விளைவு இருந்தது. கடுமையானவை முறையே 0.22, 0.04 விழுக்காடு. அதாவது புதிய வகையில் பத்தாயிரத்தில் நான்கு பேர். 'அயனியற்ற மருந்துதானே போடுகிறீர்கள்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நான்கு பேரில் ஒருவராக நீங்கள் இருந்தால், அறையில் கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியும் அதைப் போடத் தெரிந்த மருத்துவரும் இருப்பதுதான் முக்கியம். ஊசி போடும் நேரத்தில் மருத்துவர் கட்டடத்தில் இருப்பாரா என்பதை, கட்டணத்தைக் கேட்கும் அதே மூச்சில் கேளுங்கள். மலிவான மையத்துக்கும் மற்றதற்கும் உள்ள வேறுபாடு சில நேரம் இந்த ஒரு பதிலில்தான் இருக்கும்.

சிறுநீரகம், சர்க்கரை மாத்திரை, தைராய்டு

ஊசிக்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை கேட்பார்கள். கிரியாட்டினின் எண்ணைவிட, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்தான் முக்கியம். ஆய்வகத் தாளில் அது இல்லையென்றால் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். ஒல்லியான எழுபது வயது மூதாட்டிக்குக் கிரியாட்டினின் பார்வைக்குச் சாதாரணமாக இருந்தும் சிறுநீரகம் பலவீனமாக இருக்கலாம். 'டை போட்டால் கிட்னி போய்விடும்' என்ற அச்சம் முன்பு மருத்துவர்களிடமே அதிகம் இருந்தது. ஸ்கேனுக்குப் பிறகு கிரியாட்டினின் ஏறியவர்களில் பலருக்குக் காரணம் மருந்தன்று, அவர்களை ஸ்கேன் வரை கொண்டுவந்த நோயே என்று பின்னர் தெரிந்தது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் அந்நாட்டுத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் 2020-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, அந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று கூறியது. இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே உள்ளவர்களும், சிறுநீரகம் திடீரெனப் பழுதடைந்த நிலையில் இருப்பவர்களும்தான் தனிக் கவனத்துக்குரியவர்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள். நிரந்தரமாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஊசி போட்டவுடன் அவசர டயாலிசிஸ் தேவையில்லை. வழக்கமான முறையில் தொடரலாம். இன்னமும் ஓரளவு சிறுநீர் போகிறவர்கள் மட்டும் அதைச் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்த மாத்திரைக்கும் கான்ட்ராஸ்டுக்கும் நேரடிப் பகை கிடையாது. சிறுநீரகம் பழுதானால் மெட்ஃபார்மின் உடலில் தேங்கி, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறலாம் என்பதே கவலை. ஆகவே இ.ஜி.எஃப்.ஆர். 30-உம் அதற்கு மேலும் உள்ளவர்கள், சிரையில் போடும் சாதாரண சி.டி. ஊசிக்காக அதை நிறுத்தத் தேவையில்லை என்று வழிகாட்டு நெறி சொல்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்கள் ஸ்கேனன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து, கிரியாட்டினினை மறுபடி பார்த்த பிறகு தொடங்க வேண்டும். சென்னையில் பல மையங்கள் எல்லோரையும் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்கின்றன. அது கூடுதல் முன்னெச்சரிக்கை. நீங்களாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம், சர்க்கரை மருத்துவரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'நான் மெட்ஃபார்மின் சாப்பிடுவதில்லை' என்று சத்தியம் செய்பவரின் பையில் இருக்கும் கூட்டு மாத்திரையில் அது இருக்கும். பெயரின் கடைசியில் 'எம்' என்ற எழுத்து இருந்தால் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள், அல்லது அட்டைகளை அப்படியே எடுத்து வாருங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகளையும், இரத்த அழுத்தத்துக்கான அடெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றையும் அந்தப் பையிலேயே போட்டு வாருங்கள். பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த இந்தக் கடைசி மாத்திரைகள், கடுமையான எதிர்விளைவு வந்தால் அட்ரினலினின் வேலையை மந்தப்படுத்தக் கூடும்; அதற்காக அவற்றை நிறுத்த வேண்டாம், மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் சாப்பிடுகிறவர்கள் கவலைப்படத் தேவையில்லை. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களும், அடுத்த சில வாரங்களில் தைராய்டு ஸ்கேனோ ரேடியோ அயோடின் சிகிச்சையோ செய்துகொள்ளப்போகிறவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசியில் போன அயோடின், பிறகு கொடுக்கும் கதிரியக்க அயோடினைத் தைராய்டு ஏற்காதபடி வாரக்கணக்கில் தடுத்துவிடும்.

அன்றைய காலை

நான்கு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். குமட்டல் வந்தால் வாந்தி மூச்சுக்குழலில் போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழக்கம் இது. இன்றைய மருந்துகளுக்குப் பட்டினி அவசியமில்லை என்று ஐரோப்பிய வழிகாட்டு நெறி சொன்னாலும், நீங்கள் போகும் மையம் சொல்வதைக் கடைப்பிடியுங்கள். ஆனால், பட்டினி என்பதைத் தண்ணீரும் குடிக்காமல் இருப்பது என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. கத்திரி வெயிலில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, நாக்கு வறண்ட நிலையில் ஊசி போட்டுக்கொள்வது சிறுநீரகத்துக்கு நல்லதன்று. தண்ணீர் குடிக்கலாமா என்று முன்னாலேயே கேட்டு, அனுமதித்தால் நன்றாகக் குடியுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்து, வரிசையில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காலையின் முதல் நேரத்தையே கேட்டு வாங்கி, இன்சுலின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்புப் படத்துக்குச் சங்கிலி, டாலர், தாயத்து, ஊக்கு எதுவும் இருக்கக் கூடாது; ஈரத்தோடு பின்னிய சடை தோளில் கிடந்தாலும் நுரையீரலின் உச்சியில் நிழல் விழுந்து காசநோயோ என்று மருள வைக்கும், ஆகவே தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாத பெண்கள், உலோகக் குண்டுகளை வீட்டிலேயே பத்திரப்படுத்திவிட்டு, அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு வருவது எளிய வழி. வயிறு, இடுப்புப் படத்துக்கு வெள்ளி அரைஞாண் தடை. மறுபடி எடுத்தால் கதிர் இரட்டிப்பு என்பதால், 'மூச்சை இழுத்து அடக்குங்கள்' என்றதும் அசையாமல் அடக்குவது நீங்கள் எங்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

செலவைப் பற்றி ஒரு சொல். பெரிய அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையோடு இணைந்த பர்னார்டு கதிரியல் நிலையம் 1934 முதல் இயங்கிவருவது. அங்கே கூட்டம் அதிகம், அனுபவமும் அதிகம்.

மேசையில்

பணியாளர் உங்கள் பெயர், வயது, எந்த உறுப்பு என்று மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அது ஆள் மாறாமல் இருக்கச் செய்வது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். வேகமாக மருந்து ஏற்றும் சோதனைகளுக்கு முழங்கை மடிப்பில் பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிற வென்ஃப்ளான் போடுவார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள் அந்தப் பக்கக் கையைக் கொடுக்காமல் முன்னதாகச் சொல்லலாம்.

மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை வெந்நீர் ஓடுவதுபோல் ஒரு சூடு பரவும், வாயில் செம்புக் காசு நக்கியதுபோல் சுவை வரும், சிறுநீர் போய்விட்டதுபோலவே தோன்றும், போயிருக்காது. அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கும். இதை முன்பே சொல்லாவிட்டால் நோயாளி திடுக்கிட்டு அசைந்து படமே கெட்டுவிடுகிறது. ஆனால் ஊசி போட்ட இடத்தில் சுருக்கென்ற வலியோ வீக்கமோ, தொண்டை அடைப்போ, அரிப்போ, தும்மல் தொடர்ச்சியோ, மூச்சு முட்டலோ இருந்தால் கையை ஆட்டிக் கத்துங்கள். கண்ணாடிக்கு அப்பாலும் கேட்கும். உள்ளே ஒலிவாங்கி இருக்கிறது. படம் கெட்டுவிடுமே என்று பொறுத்துக்கொள்கிறவர்களைத்தான் நான் அஞ்சுகிறேன்.

மருந்து சிரைக்கு வெளியே கசிந்து கை வீங்கினால், கையை இதயத்துக்கு மேலே உயர்த்தி வைத்து ஐஸ் ஒத்தடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வற்றிவிடும். வலி கூடிக்கொண்டே போனாலும், விரல்கள் மரத்தாலும், தோலில் கொப்புளம் எழும்பினாலும் அன்றிரவே அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு

கடுமையான எதிர்விளைவுகளில் பெரும்பாலானவை முதல் இருபது நிமிடத்துக்குள் வருகின்றன. எனவே ஊசி போட்டபின் அரை மணி நேரம் மையத்திலேயே உட்கார்ந்திருங்கள்; வென்ஃப்ளானை உடனே எடுக்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம், தேவைப்பட்டால் மருந்து போவதற்கு அதுதான் வழி. உடன் ஒருவர் வராமல் தனியாக இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் இன்னும் சிறிது நேரம் பொறுத்துப் போவது நல்லது. அன்றைக்கு மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாத எல்லோரும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீரோ மோரோ இளநீரோ குடிக்கலாம். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆகாது என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, ஒரு வாரம் வரைகூட, தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கும். காய்ச்சல், வாயில் புண், தோல் உரிதல் சேர்ந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ மயங்கினாலோ 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் மையத்துக்குத் தொலைபேசி செய்து அவர்கள் எடுப்பதற்காகக் காத்திருக்காதீர்கள்.

எதிர்விளைவு ஏதாவது வந்திருந்தால், புறப்படுவதற்கு முன் மையத்தில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: போட்ட மருந்தின் பெயர், அளவு, தேதி, எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, என்ன சிகிச்சை கொடுத்தார்கள். 'கான்ட்ராஸ்ட் அலர்ஜி' என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தால் அடுத்த மருத்துவரால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்து, வீட்டில் மற்றவருக்கும் அனுப்பிவிட்டு, மூலத்தை ஃபிலிம் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை ஸ்கேனுக்குக் கிளம்பும்போது எப்படியும் அந்த உறையைத்தான் கையில் எடுப்பீர்கள்.